பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் போதுமா?

ஐந்து நிமிடப் படம்தான். ஆள் உயரப் பிளாஸ்டிக் பொம்மை ஒன்று வழியில் நிற்கிறது. ஒருவன் வருகிறான். 'நகரு' என்று அதட்டுகிறான். பொம்மை எங்கே நகரும்? கீழே தள்ளி, மேலே ஏறி உட்கார்ந்து மூக்கிலேயே குத்துகிறான். சுத்தியலால் மண்டையில் போடுகிறான். உதைக்கிறான். ரப்பர் பந்துகளை அள்ளி வீசுகிறான். ஒவ்வோர் அடிக்கும் ஒரு வசனம் வேறு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நர்சரிப் பள்ளியில் மூன்றரையிலிருந்து ஆறு வயதுக்குள் இருந்த 66 குழந்தைகளுக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினார் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா. ஆய்வு வெளியான ஆண்டு 1965.

படத்தின் முடிவை மட்டும் அவர் மூன்று விதமாக எடுத்து வைத்திருந்தார். ஒன்றில் இன்னொரு பெரியவர் வந்து, 'நீதான்டா வீரன்' என்று தட்டிக்கொடுத்து மிட்டாயும் குளிர்பானமும் கொடுக்கிறார். இரண்டாவதில் வந்தவர் விரலை ஆட்டித் திட்டி, சுருட்டிய பத்திரிகையால் அவனை நாலு போடு போடுகிறார். மூன்றாவதில் யாருமே வரவில்லை. அடித்தான், படம் முடிந்தது.

அப்புறம் குழந்தைகளை ஒவ்வொருவராக அதே பொம்மை இருக்கும் அறையில் விட்டார்கள். அடி வாங்கும் முடிவைப் பார்த்த குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் பொம்மையை அடித்தார்கள். ஆய்வு இதோடு முடிந்திருந்தால், 'வில்லன் கடைசியில் சாகிறானே சார், அப்புறம் என்ன?' என்று கேட்கும் நம் சினிமாக்காரர்களுக்குக் கொண்டாட்டமாக இருந்திருக்கும். பண்டூரா விடவில்லை. கலர் ஸ்டிக்கரும் பழச்சாறும் கொண்டுவந்து வைத்து, 'அந்த ஆள் என்னென்ன செய்தான், செய்து காட்டு பார்க்கலாம். காட்டினால் இது உனக்கு' என்று சொல்ல வைத்தார். மூன்று குழுவுக்கும் இடையே இருந்த வித்தியாசம் காணாமல் போனது. தட்டிக்கொடுத்ததைப் பார்த்த குழந்தையும், தண்டித்ததைப் பார்த்த குழந்தையும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு அச்சு அசலாகச் செய்து காட்டின.

குழந்தைகளையும் டி.வி.யையும் பற்றி அதன் பிறகு நடந்த எத்தனையோ ஆய்வுகளில், இந்த ஸ்டிக்கர் விஷயம் அளவுக்கு என்னைத் தூக்கிவாரிப்போட்ட ஒன்று இல்லை. பார்த்ததையெல்லாம் குழந்தை மனதில் வாங்கி வைத்துக்கொள்கிறது. அதை எப்போது வெளியே எடுக்கலாம் என்பதைத்தான் சுற்றி இருக்கும் பெரியவர்களின் முகத்தைப் பார்த்துத் தீர்மானிக்கிறது. 'எங்க வீட்டுப் பிள்ளை டி.வி. பார்த்துக் கெட்டுப்போகலை, யாரையும் அடிக்கிறதில்லை' என்று நாம் பெருமைப்படும்போது, அவனுக்கு அடிக்கத் தெரியாது என்று அர்த்தமில்லை. ஸ்டிக்கர் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

பண்டூராவின் இந்த வரிசையில் முதல் சோதனை 1961-ல் நடந்தது. அதில் படம் கிடையாது. பெரியவர் ஒருவர் குழந்தையின் கண்ணெதிரே நேரிலேயே பொம்மையை அடித்தார். 1963-ல் வந்த அடுத்த ஆய்வில் 96 குழந்தைகள். ஒரு குழுவுக்கு நேரில், இன்னொரு குழுவுக்குப் படத்தில். மூன்றாவது குழுவுக்குக் கறுப்புப் பூனை வேஷம் போட்ட ஆள் கார்ட்டூன் பாணியில் அடிப்பது போல. மனிதன் அடித்தாலென்ன, பூனை அடித்தாலென்ன? மூன்று குழுக்களிலும், எதையும் பார்க்காத குழந்தைகளைவிட முரட்டுத்தனம் கூடுதலாகத் தெரிந்தது. மனிதனையோ பூனையையோ படத்தில் பார்த்தவர்களிடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

குறை சொன்னவர்களும் உண்டு. தள்ளினால் மறுபடி எழுந்து நிற்கும் அந்தப் பொம்மையைக் கடையில் விற்பதே குத்தி விளையாடத்தானே, அதைக் குத்துவது எப்படி வன்முறை ஆகும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அன்றைய அமெரிக்க டி.வி. நிறுவனங்களை இந்த மறுப்பு ஆறுதல்படுத்தவில்லை. 1969-ல் ஜான் பாஸ்டோர் என்ற செனட்டர் கேட்டுக்கொண்டதன் பேரில், டி.வி. வன்முறையை ஆராய அமெரிக்க அரசு ஒரு நிபுணர் குழு அமைத்தது. யார் யாரைச் சேர்க்கக் கூடாது என்று சொல்லும் உரிமை டி.வி. தரப்புக்கே கொடுக்கப்பட்டது. ஏழு பேரின் பெயரை அடித்தார்கள். அதில் பண்டூராவும் ஒருவர்.

டி.வி. வந்த ஊரும் தீவும்

சோதனைச் சாலையில் பொம்மையை அடிப்பது வேறு, தெருவில் நண்பனை அடிப்பது வேறு என்பார்கள். சரி, தெருவுக்கே போவோம்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒரு சிற்றூர். மலைகளுக்கு நடுவே பள்ளத்தாக்கில் இருந்ததால் 1973 வரை அங்கே டி.வி. சிக்னல் எட்டவில்லை. மற்றபடி சாலை, பள்ளி, வருமானம் எல்லாம் அக்கம்பக்கத்து ஊர்களைப் போலத்தான். டி.வி. வரப்போகிறது என்று தெரிந்ததும் டானிஸ் மெக்பெத் வில்லியம்ஸ் தலைமையிலான ஆய்வாளர்கள் அங்கே போய் இறங்கிவிட்டார்கள். பள்ளி மைதானத்தில் ஓரமாக நின்று, எந்தப் பிள்ளை எத்தனை முறை தள்ளுகிறது, கடிக்கிறது, திட்டுகிறது என்று எண்ணினார்கள். இரண்டு ஆண்டு கழித்து மறுபடி வந்து எண்ணினார்கள். கையால் அடிப்பதும் வாயால் அடிப்பதும் இரண்டுமே கூடியிருந்தன. ஏற்கெனவே டி.வி. இருந்த இரண்டு ஊர்களில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. சுட்டிப் பிள்ளை, சாதுப் பிள்ளை என்ற பேதம் இல்லாமல் ஊர்ப் பிள்ளைகள் மாறியிருந்தார்கள். பெரியவர்கள் ஊர்க் கூட்டங்களுக்கு வருவது குறைந்துபோனது தனிக்கதை.

இதோடு நிறுத்திக்கொண்டு டி.வி.யைத் தூக்கிப் பரணில் போடச் சொல்லலாம். ஆனால் இன்னொரு ஊர் இருக்கிறது. தென் அட்லாண்டிக் கடலில், நெப்போலியனைச் சிறை வைத்த செயின்ட் ஹெலினா தீவு. மக்கள்தொகை சில ஆயிரம். அங்கே டி.வி. ஒளிபரப்பு வந்தது 1995-ல்தான். டோனி சார்ல்ட்டன் என்ற பிரிட்டன் ஆய்வாளரின் குழு பள்ளி மைதானத்தில் கேமரா வைத்து, டி.வி. வருவதற்கு முன்னும் வந்து சில ஆண்டுகளுக்குப் பின்னும் குழந்தைகளைப் படம் பிடித்தது. முரட்டுத்தனம் கூடவில்லை. தீவுப் பிள்ளைகள் பார்த்த நிகழ்ச்சிகளில் அடிதடிக்குக் குறைவில்லை. பார்த்தார்கள், ஆனால் விளையாட்டு மைதானத்தில் அதைக் காட்டவில்லை.

ஏன்? ஆய்வாளர்கள் சொன்ன காரணம் நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லாதது. எந்த வீட்டுப் பிள்ளை எந்தத் தெருவில் சேட்டை செய்தாலும், அது வீடு திரும்புவதற்குள் செய்தி வீட்டுக்குப் போய்விடும் ஊர் அது. பெற்றோர், ஆசிரியர், அக்கம்பக்கத்தார் என்று எல்லோர் கண்ணும் பிள்ளை மேல். அங்கே ஸ்டிக்கர் கொடுக்க யாரும் இல்லை.

கனடாச் சிற்றூரையும் இந்தத் தீவையும் ஒன்றுக்கொன்று முரணாக வைத்துப் பேசுவது ஆய்வுலகில் வழக்கம். எனக்கு அவை இரண்டும் பண்டூரா சொன்னதையே இரண்டு பக்கத்திலிருந்து சொல்வதாகத்தான் படுகிறது.

ஹீரோ அடித்தால் தப்பில்லை

எந்த வன்முறை குழந்தை மனதில் சீக்கிரம் ஒட்டுகிறது என்பதை ஆராய்ச்சியாளர்கள் ஓரளவு பிரித்து வைத்திருக்கிறார்கள். அடிப்பவன் அழகானவன், நமக்குப் பிடித்தவன். அடிப்பதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. அடித்த பிறகு பாராட்டு கிடைக்கிறது. அடிபட்டவனின் வலி காட்டப்படுவதில்லை. இந்த நான்கும் ஒரே காட்சியில் சேர்ந்தால் பாதிப்பு அதிகம். 1990-களின் நடுவில் அமெரிக்காவின் நான்கு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஆயிரக்கணக்கான மணி நேர நிகழ்ச்சிகளை அலசியபோது, சுமார் 60 சதவீத நிகழ்ச்சிகளில் வன்முறை இருந்தது. வன்முறை தவறு என்ற கருத்தை வலியுறுத்தியவை, வன்முறை இருந்த நிகழ்ச்சிகளில் வெறும் 4 சதவீதம்.

அந்த நான்கு நிபந்தனைகளையும் மறுபடி ஒருமுறை படியுங்கள். தீபாவளி அன்று மதியம், 'இந்தியத் தொலைக்காட்சிகளில் முதன்முறையாக' வரும் எந்த மாஸ் ஹீரோ படத்தை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். தங்கச்சியைச் சீண்டியவனை ஹீரோ அடிக்கிறார். அடிபட்டவன் இருபதடி பறந்து போய் அம்பாசடர் காரின் மேல் விழுகிறான். அவனுக்கு எலும்பு முறிந்ததா, ஆஸ்பத்திரிக்குப் போனானா, யாருக்கும் தெரியாது. பின்னணி இசை, ஸ்லோமோஷன், ஊர் மக்கள் கைதட்டல். ஹாலில் உட்கார்ந்திருக்கும் சித்தப்பாவும் விசில் அடிக்கிறார். பண்டூரா படத்தில் மிட்டாய் கொடுக்க வந்த அந்தப் பெரியவர் யாரென்று நினைத்தீர்கள்? நம் வீட்டில் அவர் சோபாவிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

இப்படிப் பார்த்து வளர்ந்தால் பெரியவனானபின் என்ன ஆகும்? சிகாகோ பகுதியில் 1977-ல் ஆறிலிருந்து பத்து வயதில் இருந்த பிள்ளைகளை, பதினைந்து ஆண்டுகள் கழித்து ரோவெல் ஹ்யூஸ்மன் குழு மறுபடி தேடிப் பிடித்தது. கிடைத்தவர்கள் 329 பேர். சின்ன வயதில் வன்முறை நிகழ்ச்சிகளை அதிகம் பார்த்த ஆண்கள், மனைவியைப் பிடித்துத் தள்ளியிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. பெண்களிடமும் முரட்டுத்தனம் கூடியிருந்தது. திரையில் வருபவனோடு தன்னை ஒப்பிட்டுக்கொண்ட பிள்ளைகள், திரையில் காண்பதெல்லாம் நிஜம் என்று நம்பிய பிள்ளைகள், இவர்களிடம் பாதிப்பு மேலும் அதிகம்.

இந்த ஆய்வுகளையெல்லாம் ஏற்காத விஞ்ஞானிகள் இன்றும் இருக்கிறார்கள். வீட்டில் அடிதடி, வறுமை, அப்பாவின் குடி என்று இருக்கும்போது டி.வி.யை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதேன் என்பது அவர்கள் வாதம். வன்முறை வீடியோ கேம்களைச் சிறுவர்களுக்கு விற்கத் தடை போட்ட கலிஃபோர்னியா சட்டத்தை 2011-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, கேம்தான் காரணம் என்று ஆய்வுகள் நிரூபிக்கவில்லை என்றே சொன்னது. பிரிட்டனில் 14, 15 வயதுப் பிள்ளைகள் ஆயிரம் பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று 2019-ல் வந்தது. அதிலும் வன்முறை கேமுக்கும் முரட்டுத்தனத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. டி.வி. தனியாக ஒரு பிள்ளையை ரவுடி ஆக்கிவிடாது என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால், பாதிப்பே கிடையாது என்று சொல்பவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி. முப்பது நொடி விளம்பரம் பிள்ளையைக் குறிப்பிட்ட சாக்லேட்டுக்காகக் கடையில் உருண்டு புரள வைக்கும் என்று நம்பித்தானே நிறுவனங்கள் கோடிக்கணக்கில் பணத்தைக் கொட்டுகின்றன? நடுவில் வரும் நிகழ்ச்சிக்கு மட்டும் அந்தச் சக்தி இல்லாமல் போய்விடுமா?

வில்லி கற்றுக்கொடுக்கும் பாடம்

கார்ட்டூன் அடிதடியைப் பற்றி ஓயாமல் கவலைப்படும் நாம், வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்ப்பதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. மாலை ஏழு மணிக்குப் பாட்டி சீரியல் பார்க்கிறார். மடியில் ஐந்து வயதுப் பேத்தி. சோறு ஊட்டும் நேரம் அதுதான்.

"பாட்டி, அந்தக்கா ஏன் பாலுல என்னமோ கலக்குறாங்க?"

"அவ கெட்டவ கண்ணு. நீ வாயத் தொற."

"தெரிஞ்சா திட்டுவாங்கல்ல?"

"யாருக்கும் தெரியாமத்தான கலக்குறா. தொற, தொற."

யாருக்கும் தெரியாமல் கலக்கலாம் என்ற தகவல் ஒரு உருண்டைச் சோற்றோடு உள்ளே போய்விட்டது. நிக்கோல் மார்ட்டின்ஸ், பார்பரா வில்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2012-ல் ஐந்நூற்றுக்கும் அதிகமான பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்கள் பார்த்தது அடி உதையை அல்ல. கோள் சொல்வது, சேர்த்துக்கொள்ளாமல் ஒதுக்குவது, முதுகுக்குப் பின்னால் கேலி பேசுவது, கண்ணை உருட்டுவது. டி.வி.யில் இவற்றை அதிகம் பார்த்த பெண் குழந்தைகள் பள்ளியிலும் அதிகம் செய்தார்கள். பையன்களிடம் இந்தத் தொடர்பு தெரியவில்லை. 'அவகூட யாரும் பேசாதீங்கடி' என்று மூன்றாம் வகுப்பில் ஒரு கூட்டணி உருவாகி, ஒரு குழந்தை மதிய இடைவேளையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்த ஆசிரியைகள் நம் ஊரிலும் உண்டு. அதில் ரத்தம் வராததால் அதை யாரும் வன்முறையில் சேர்ப்பதில்லை.

இந்த இடத்தில் சீரியலுக்கும் ஒரு நியாயம் செய்துவிட வேண்டும். ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற பொருளாதார அறிஞர்கள் பீகார், கோவா, ஹரியானா, தமிழ்நாடு, டெல்லி ஆகிய இடங்களில் 2001 முதல் 2003 வரை எடுத்த கணக்கெடுப்பை அலசினார்கள். கேபிள் டி.வி. புதிதாக வந்த கிராமங்களில், கணவன் மனைவியை அடிப்பது சரிதான் என்று சொல்லும் பெண்கள் குறைந்திருந்தார்கள். ஆண் பிள்ளைதான் வேண்டும் என்பதும் குறைந்தது. நகரத்துப் பெண் வேலைக்குப் போவதையும், தன் காசைத் தானே செலவழிப்பதையும் அவர்கள் கேபிளில் பார்த்தார்கள். பாலில் விஷம் கலக்கும் அதே சீரியல்தான் 'அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை' என்றும் காட்டியது. திரையிலிருந்து கெட்டது மட்டும் ஒட்டிக்கொள்ளும், நல்லது ஒட்டாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உதவும் குணம் வரும் வழி

செனட்டர் பாஸ்டோரை மறந்துவிடவில்லையே? 1969 மே மாதம் அவர் தலைமையிலான இன்னொரு விசாரணையில், பொதுத் தொலைக்காட்சிக்கு நிதி ஒதுக்கச் சொல்லிக் கேட்க ஒரு மெலிந்த மனிதர் வந்தார். பெயர் ஃபிரெட் ரோஜர்ஸ். குழந்தைகளுக்கு 'மிஸ்டர் ரோஜர்ஸ் நெய்பர்ஹுட்' என்ற நிகழ்ச்சியை நடத்திக்கொண்டிருந்தவர். வீட்டுக்குள் வந்து கோட்டைக் கழற்றி ஸ்வெட்டர் போட்டுக்கொள்வார், ஷூவை மாற்றுவார், பிறகு நிதானமாகக் குழந்தையின் கண்ணைப் பார்த்துப் பேசுவது போலப் பேசுவார். கோபம் வந்தால் என்ன செய்யலாம், தம்பிப் பாப்பா பிறந்தால் ஏன் பொறாமை வருகிறது, இதெல்லாம்தான் விஷயம். துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. ஆறே நிமிடப் பேச்சில் கறார் செனட்டர் கரைந்துபோய் இரண்டு கோடி டாலரைத் தூக்கிக்கொடுத்த கதை அமெரிக்காவில் பிரபலம்.

நிகழ்ச்சி உண்மையிலேயே வேலை செய்ததா? பென்சில்வேனியாவில் லினெட் ஃபிரெட்ரிக், அலெதா ஸ்டைன் என்ற இரு பெண்கள் 97 நர்சரிக் குழந்தைகளை வைத்துச் சோதித்தார்கள். ஒரு குழுவுக்கு பேட்மேன், சூப்பர்மேன் கார்ட்டூன். ஒரு குழுவுக்கு ரோஜர்ஸ். இன்னொன்றுக்கு இரண்டுமில்லாத சாதாரணப் படங்கள். நான்கு வாரம் காட்டினார்கள். ஏற்கெனவே கொஞ்சம் முரடாக இருந்த பிள்ளைகள் பேட்மேன் பார்த்து மேலும் முரடானார்கள். ரோஜர்ஸைப் பார்த்தவர்கள் எடுத்த வேலையை விடாமல் செய்தார்கள், விதிகளை மதித்தார்கள். எளிய குடும்பத்துப் பிள்ளைகளிடம் ஒருவருக்கொருவர் உதவுவதும் கூடியது. அடுத்த ஆய்வில், பார்த்ததைக் கைப்பொம்மைகளை வைத்து நடித்துப் பார்க்கவும், வாயால் சொல்லிப் பார்க்கவும் வைத்தார்கள். அப்படிச் செய்த குழந்தைகள் உதவி செய்வதில் இன்னும் முன்னே நின்றார்கள்.

ஆனால் நல்ல கருத்துச் சொல்லும் கார்ட்டூன் என்று அட்டையில் போட்டிருந்தால் மட்டும் நம்பிவிடக் கூடாது. மேரி லூயிஸ் மாரெஸ் என்ற ஆய்வாளர், 'கிளிஃபர்ட்' என்ற பெரிய சிவப்பு நாய் கார்ட்டூனில் ஒரு கதையை கிண்டர்கார்டன் பிள்ளைகளுக்குக் காட்டினார். மூன்று கால் மட்டுமே உள்ள ஒரு நாய் ஊருக்கு வருகிறது. மற்ற நாய்கள் பயந்து ஒதுங்குகின்றன. கடைசியில் மனம் மாறி சிநேகமாகின்றன. ஊனம் உள்ளவர்களை ஒதுக்காதீர்கள் என்பது பாடம். கதை முடிந்ததும் என்ன புரிந்தது என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்தப் பாடம் போய்ச் சேரவே இல்லை. மூன்று கால் நாயிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்ற மாதிரிதான் சில குழந்தைகளுக்குப் பட்டிருந்தது.

யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. இருபது நிமிடக் கதையில் பதினெட்டு நிமிடம் ஒதுக்குவதைக் காட்டிவிட்டு இரண்டு நிமிடம் சேர்த்துக்கொள்வதைக் காட்டினால், நாலு வயதுக் குழந்தை பதினெட்டு நிமிடத்தைத்தானே நம்பும்? ஆரம்பத்தையும் முடிவையும் முடிச்சுப் போட்டு 'ஓகோ, அது தப்பு போல' என்று சிந்திக்கும் வயது அது இல்லை. ஜேமி ஆஸ்ட்ரோவ் குழுவினர் நர்சரிப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில், கல்வி சார்ந்த நிகழ்ச்சிகளை அதிகம் பார்த்த குழந்தைகளிடமும் மற்றவரை ஒதுக்கும் குணம் கூடியிருந்ததற்கு இதையே ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

நமக்குத் தெரிந்த உதாரணம் சக்திமான். 1997-ல் தூர்தர்ஷனில் தொடங்கி 2005 வரை ஓடிய தொடர். ஒவ்வொரு வாரமும் கதை முடிந்ததும் முகேஷ் கன்னா தோன்றி, பல் தேய், குப்பை போடாதே, பெரியவர்களை மதி என்று சின்னச் சின்ன அறிவுரைகள் சொல்வார். அடுத்த காட்சியில் பிள்ளைகள் 'ஸாரி சக்திமான்' என்பார்கள். அவ்வளவு நல்ல எண்ணத்தோடு எடுத்த தொடர். ஆனால் ஆபத்தில் சிக்கினால் சக்திமான் பறந்து வந்து காப்பாற்றுவார் என்று நம்பிச் சில பிள்ளைகள் விபரீதத்தில் இறங்கியதாகச் செய்திகள் வந்து நாடே பதறியது. அந்தச் செய்திகளில் எவ்வளவு உண்மை என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை. ஒன்று மட்டும் நிச்சயம். அன்றைய பிள்ளைகள் சுற்றிச் சுற்றி விளையாடியது சக்திமான் போலப் பறக்கத்தான். பல் தேய்க்க யாரும் சுற்றவில்லை.

சோட்டா பீமும் இந்தக் கட்சிதான். 2008-லிருந்து போகோவில் ஓடும், ஹைதராபாத்தில் உருவான பையன். நல்லவன், நண்பர்களை விட்டுக்கொடுக்காதவன், தோலக்பூருக்கு ஆபத்தென்றால் முதலில் ஓடுபவன். ஆனால் அவன் உதவி பெரும்பாலும் ஒரு லட்டு, நாலு குத்து என்ற கணக்கில்தான் முடியும். உதவுவதையும் அடிப்பதையும் ஒரே காட்சியில் கலந்து கொடுத்தால் என்ன ஆகும் என்பதை 1983-லேயே 'சூப்பர் ஃபிரண்ட்ஸ்' என்ற அமெரிக்க கார்ட்டூனை வைத்துப் பார்த்துவிட்டார்கள். அடிதடி இல்லாமல் நல்லது மட்டும் காட்டிய கதையைப் பார்த்த குழந்தைகள் அதிகம் உதவினார்கள். இரண்டும் கலந்ததைப் பார்த்தவர்களுக்குப் பாடமும் சரியாகப் புரியவில்லை, உதவியும் குறைவு.

ஒரு கேள்வி போதும்

அப்படியானால் என்னதான் செய்வது? சியாட்டிலில் டிமிட்ரி கிறிஸ்டகிஸ் என்ற குழந்தை மருத்துவர் குழு, மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் உள்ள 565 குடும்பங்களில் ஒரு சோதனை செய்து 2013-ல் வெளியிட்டது. டி.வி. நேரத்தைக் குறைக்கவே சொல்லவில்லை. அடிதடி நிகழ்ச்சிக்குப் பதில் நட்பும் உதவியும் உள்ள நிகழ்ச்சியை வையுங்கள், முடிந்தால் கூட உட்காருங்கள் என்று மட்டும் பெற்றோரிடம் சொன்னார்கள். ஆறே மாதத்தில் பிள்ளைகளின் நடத்தை மேம்பட்டது. அதிகப் பலன் அடைந்தவர்கள் வருமானம் குறைந்த வீட்டுப் பையன்கள். இரண்டு வேலைக்குப் போய் வீடு திரும்பும் அம்மாவிடம் 'டி.வி.யே கூடாது' என்று உபதேசம் செய்யும் நிபுணர்களைவிட இந்த மருத்துவர் எவ்வளவோ மேல்.

கூட உட்காருவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஏமி நாதன்சன், ஜோன் கேன்டர் என்ற இருவர் 'வுடி வுட்பெக்கர்' கார்ட்டூனைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். மரங்கொத்தி ஓர் ஆளைப் படாதபாடு படுத்தும் கதை. ஒரு குழுவிடம் மட்டும், 'பார்க்கும்போது அந்த ஆளுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே பாருங்கள்' என்று சொல்லிவைத்தார்கள். வேறு எதுவும் செய்யவில்லை. அப்படிச் சொல்லப்படாமல் பார்த்த பையன்களிடம் அடிப்பது தப்பில்லை என்ற மனப்போக்கு கூடியது. அந்த ஆளை நினைத்துக்கொண்டே பார்த்தவர்களிடம் கூடவில்லை. ஒரே ஒரு வாக்கியம்.

அதே நாதன்சன் வேறொன்றும் கண்டார். வன்முறை நிகழ்ச்சியைப் பிள்ளையோடு சேர்ந்து வாய் திறக்காமல் பார்க்கும் பெற்றோர் வீட்டில், பிள்ளைகளின் முரட்டுத்தனம் கூடுதலாகவே இருந்தது. அப்பா பேசாமல் இருந்தால், அப்பாவுக்குச் சம்மதம் என்றுதான் பிள்ளை எடுத்துக்கொள்ளும். 'நாங்க எப்பவும் கூடவே உட்கார்ந்துதான் பார்ப்போம்' என்பது பெருமையில்லை. இதிலும் ஓர் எல்லை உண்டு. 1968-ல் வந்த ஒரு பழைய ஆய்வில், படம் பார்க்கும்போது 'சே, என்ன இப்படி அடிக்கிறான்' என்று பெரியவர் முகம் சுளித்தால் குழந்தை அடிப்பதைக் குறைத்தது. ஆனால் அந்தப் பெரியவர் அறையில் இருக்கும்வரைதான். அவர் வெளியே போனதும் பலன் போய்விட்டது. ஆகவே ஒருநாள் சொல்லிவிட்டு ஓய்ந்துபோக முடியாது. நாளும் பேச வேண்டிய பேச்சு இது.

இன்றைய பெரிய சிக்கல், அந்தப் பேச்சுக்கு இடமில்லாமல் போவதுதான். பஞ்சாயத்து டி.வி. அறையில் ஊரே உட்கார்ந்து படம் பார்த்த காலம் இருந்தது. வில்லனைப் பார்த்து ஒரு கிழவி மண்ணை வாரித் தூற்றினால் அதுவும் பிள்ளைக்கு ஒரு பாடம். 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த இலவச கலர் டி.வி. ஒன்றரைக் கோடி வீடுகளுக்கு மேல் போனபோதும் அது ஹாலில்தான் இருந்தது. செல்போன் அப்படியில்லை. 2024-ம் ஆண்டு ஏசர் கல்வி அறிக்கைப்படி, ஊரக இந்தியாவில் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதத்துக்கும் அதிகமானோருக்கு ஸ்மார்ட்போன் இயக்கத் தெரியும். போர்வைக்குள் காதில் இயர்போனோடு ஷார்ட்ஸ் பார்க்கும் பிள்ளையின் பக்கத்தில் யார் உட்காருவது? யாரிடம் எதைக் கேட்பது?

சட்டம் இல்லாமல் இல்லை. குழந்தைகளுக்குப் பொருந்தாத நிகழ்ச்சிகளை, குழந்தைகள் அதிகம் பார்க்கும் நேரத்தில் ஒளிபரப்பக் கூடாது என்று 1994-ம் ஆண்டின் கேபிள் டி.வி. விதிகளிலேயே இருக்கிறது. அது சீரியல் வில்லிகளுக்குத் தெரியுமா என்பது தெரியவில்லை. 2008-ல் பெற்றோர் புகார்களுக்குப் பிறகு சின்சான் கார்ட்டூனைக் கொஞ்ச நாள் நிறுத்தி, வெட்டிச் சுருக்கி மறுபடி விட்டார்கள். இப்போது சினிமாவுக்கு 7, 13, 16 என்று வயது வாரியாகச் சான்றிதழ் வந்திருக்கிறது. ஓ.டி.டி. தளங்களும் இதே வயதுக் கணக்கைப் போட வேண்டும், 13 வயதுக்கு மேற்பட்டோருக்கான படங்களுக்குப் பெற்றோர் பூட்டு வசதி தர வேண்டும் என்று 2021-ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன.

பூட்டு இருக்கிறது. பாதி வீடுகளில் அதை யாரும் போடுவதில்லை. மீதி வீடுகளில் அந்த நான்கு இலக்க எண் பிள்ளைக்குத்தான் தெரியும், ஏனென்றால் அப்பாவுக்குப் போட்டுக்கொடுத்ததே அவன்தான். இன்று இரவு அதை மாற்றிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவன் விரும்பிப் பார்க்கும் ஏதாவது ஒன்றை, போனைக் கீழே வைத்துவிட்டு முழுசாக அவனோடு பாருங்கள். நடுவில் ஒருமுறை, 'அடி வாங்கினானே, அவனுக்கு வலிக்காதாடா?' என்று கேளுங்கள். பதிலுக்குக் காத்திருங்கள். அடுத்த ஞாயிறும் கேளுங்கள்.